களஞ்சிய வாயிலில் ஒரு பரிசோதனை

சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையில் முந்தல் என்னும் ஊர் அமைந்துள்ளது. ஊரின் அருகே முந்தல் களப்பு விரிந்து கிடக்கிறது. கடலோரத்திலே உடப்பு முதலிய மீனவர் கிராமங்கள் உள்ளன. ஒல்லாந்தர் கால்வாய் என்று இன்றும் பெயர் வழங்கும் நீர்வழி இக்களப்பை வடக்கே புத்தளக் களப்புடனும் தெற்கே சிலாபத்துடனும் இணைக்கின்றது. 1980ஆம் ஆண்டுகளில் இக்கரையோரமெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. பண்ணைக்காரர் தம் குளங்களுக்கு வேண்டிய நீரைக் கால்வாயிலிருந்தும் களப்பிலிருந்தும் எடுத்தனர்; கழிவு நீரையும் அவற்றிலேயே விட்டனர். ஆகவே, ஒருவர் குளத்தினின்று வெளியேறிய நீர் மற்றொருவர் குளத்துக்குள்ளே புகுந்தது.

1996ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் இப்பகுதியைத் தாக்கியபோது இந்த ஏற்பாட்டின் ஆபத்து வெளிப்பட்டது. அந்நோயின் கிருமி புகுந்த குளத்தில் சில நாட்களுக்குள்ளேயே இறால்கள் பெருந்தொகையாக மடியும். தம் குளத்தைச் செவ்வையாகப் பேணியவரும் பேணாதவரோடு சேர்ந்தே நட்டமடைந்தனர். அதன் பின்னர், பொரிப்பகங்களிலிருந்து வரும் குஞ்சுகளைப் பிசிஆர் முறையினாற் பரிசோதிப்பதும், வலயம் வலயமாகக் காலம் வகுத்துக் குளங்களிற் குஞ்சு விடுவதும் அங்கே நடைமுறைக்கு வந்தன.

குஞ்சு வாங்கும் பண்ணைக்காரர் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டியவராயிருக்கிறார். குஞ்சு தன்னளவில் நோயற்றதா என்பது முதலாவது. அது தம் குளத்து நீருக்கு ஒத்து வருமா என்பது இரண்டாவது. முதல் வினாவுக்கு ஆய்வுகூடம் விடை கூறும். இரண்டாவதற்கு அதனால் விடை கூற இயலாது. களப்பு நீரின் உவர்ப்பு மழைக்காலத்தில் ஒருவிதமாகவும் வெயிற்காலத்தில் வேறுவிதமாகவும் இருக்கும். ஆகையினாலேயே, கொண்டுவந்த நீரோடு குளத்து நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து குஞ்சுகளைப் பழக்குகின்றனர். சில குஞ்சுகளை மாத்திரம் முதலிற் குளத்து நீரில் விட்டு, அவை பிழைக்கின்றனவா என்று பார்ப்பதும் உண்டு.

இறாலையும் கணினியையும் ஒருங்கே வைத்துப் பேசுவது நேயர் சிலருக்கு வியப்பாக இருத்தல் கூடும். ஆயினும் இவ்விரு வினாக்களும் இன்று மென்பொருள் செய்வோர் முன்னே அப்படியே நிற்கின்றன. பலரும் பங்கிட்டுக் கொள்ளும் பொதுக் களஞ்சியம் ஒன்றோடு, வெளியார் ஒருவர் செய்த சிறு நிரலொன்றை இணைக்கும்போது, அந்நிரல் தன்னளவிற் செம்மையானதா என்பது ஒரு வினா. அக்களஞ்சியத்தோடு அது ஒத்து நடக்குமா என்பது மற்றொரு வினா. முதலாவதைச் சோதித்துவிட்டு இரண்டாவதையும் சோதித்துவிட்டதாக எண்ணிக்கொள்வதே இத்துறையில் அடிக்கடி நேரும் பிழையாகும்.

இக்காலத்து மென்பொருளை எவரும் முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தாமே எழுதுவதில்லை. வீடு கட்டும் தச்சன் ஆணியையும் பிணைச்சலையும் கடையில் வாங்குவது போலவே, நிரலாளரும் ஆயத்தமான பகுதிகளை எடுத்துப் பொருத்துகின்றனர். திகதியைக் கணிப்பதற்கு ஒரு பகுதி, படத்தைச் சுருக்குவதற்கு ஒரு பகுதி, வங்கிக் கணக்கு விபரங்களை மறைக்குறியாக மாற்றுவதற்கு வேறொரு பகுதி என்று அவை பல்வகைப்படும். இப்பகுதிகள் பொதிகளாகக் கட்டப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயரும் பதிப்பு எண்ணும் இடப்பட்டு, ஓரிடத்திற் சேமிக்கப்படுகின்றன. அவ்விடமே மென்பொருட் களஞ்சியம் எனப்படும்.

ஜாவா மொழியில் எழுதுவோருக்கு மேவன் சென்ரல், ஜாவாஸ்கிரிப்ட் மொழியினருக்கு என்பிஎம், பைத்தன் மொழியினருக்குப் பைபிஐ என்பன உலகறிந்த பொதுக் களஞ்சியங்கள். இவை தவிர, நிறுவனங்கள் நெக்ஸஸ், ஆர்ட்டிபாக்டரி போன்ற மென்பொருள்களைக் கொண்டு தமக்கென்று தனிக் களஞ்சியங்களை அமைத்துக் கொள்வதும் வழக்கம். இலங்கைக்கும் இதிற் பங்குண்டு. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, கொழும்பிற் பெரும் பணியிடத்தைக் கொண்டுள்ள டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனத்தாரின் முயற்சியால் பாலரீனா என்ற நிரல்மொழி பிறந்தது. 2019ஆம் ஆண்டில் அதன் முதலாம் முழுப் பதிப்பு வெளியாயிற்று. அம்மொழியினர் தம் பொதிகளை வைத்தெடுக்கும் களஞ்சியத்துக்குப் பாலரீனா சென்ரல் என்பது பெயர்.

ஒரு களஞ்சியத்தை எத்தனை பேர் நம்பியிருக்கின்றனர் என்பதை 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் எடுத்துக் காட்டியது. எழுத்துத் தொடரொன்றின் இடப்புறத்தை வேண்டிய நீளத்துக்கு நிரப்பிக் கொடுக்கும் மிகச் சிறிய பொதியொன்று என்பிஎம் களஞ்சியத்தில் இருந்தது. லெப்ட்-பேட் என்பது அதன் பெயர். அதன் நிரல் 11 வரிகளே. அதனை எழுதியவர் களஞ்சியத்திலிருந்து அதனை நீக்கிவிட்டார். அப்பொதியின் பெயரையே கேட்டறியாத எத்தனையோ நிறுவனங்களில் மென்பொருட் கட்டுமானம் தடைப்பட்டு நின்றது. அவர்கள் பயன்படுத்திய பெரிய பொதிகள் சிறிய பொதிகளைச் சார்ந்திருந்தன. அவை அந்த 11 வரிகளைச் சார்ந்திருந்தன. களஞ்சியத்தார் சில மணி நேரத்துள் அப்பொதியை மீட்டு வைத்த பின்னரே நிலைமை சீரடைந்தது.

இனி, களஞ்சியத்தோடு பிற நிரல்கள் எவ்வாறு உரையாடுகின்றன என்பதைப் பார்க்கலாம். துறைமுகத்துப் பண்டசாலை ஒன்றை நேயர்கள் மனத்திலே எண்ணிக் கொள்ளலாம். அங்கே எவரும் நேரே உள்ளே சென்று சரக்கை எடுக்க முடியாது. வாயிலில் ஒரு சாளரம் இருக்கும். அச்சாளரத்திலே குறித்த படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். எழுதுவினைஞர் அதனைப் பார்த்துச் சரக்கைக் கொடுப்பார், அல்லது இன்ன காரணத்தால் இல்லை என்று மறுப்பார். கணினிக் களஞ்சியத்திலே இச்சாளரத்துக்கு ஏபிஐ என்று பெயர். எந்தப் பெயரில் எந்த வடிவிற் கேட்க வேண்டும், கேட்டால் எந்த வடிவில் விடை வரும் என்னும் விதிகளின் தொகுதியே அது.

விடைகள் பெரும்பாலும் எண்களாக வரும். 200 என்றால் வேண்டுகோள் நிறைவேறிற்று. 401 என்றால் கேட்பவர் இன்னார் என்பது உறுதிப்படவில்லை. 404 என்றால் அப்பொருள் இல்லை. 429 என்றால் அளவுக்கு மிஞ்சிய விரைவிற் கேட்கிறீர், சற்றுப் பொறுத்திரும் என்பது பொருள்.

இவ்வெண்கள் உலகப் பொதுவானவையாதலால் எல்லாக் களஞ்சியங்களும் ஒரே விதமாக நடக்கும் என்று கருதுதல் கூடாது. ஒருமுறை வெளியிட்ட பொதியை அதே பெயரிலும் அதே பதிப்பு எண்ணிலும் மீண்டும் வெளியிட முயன்றால் களஞ்சியம் மறுக்க வேண்டும். வெளியிட்ட பொருள் பின்னர் மாறலாகாது என்பது அதன் நியாயம். இம்மறுப்பைப் பைபிஐ 400 என்ற எண்ணால் தெரிவிக்கிறது. என்பிஎம் 403 என்ற எண்ணால் தெரிவிக்கிறது. டொட்நெட் மொழியினரின் நியூகெட் களஞ்சியம் 409 என்கிறது. நிகழ்ச்சி ஒன்று, எண்கள் மூன்று. அவ்வாறே, கிட்ஹப் தளமானது, பார்க்க அனுமதியில்லாத ஒருவர் தனிப்பட்ட களஞ்சியத்தைக் கேட்டால், அனுமதியில்லை என்று கூறாமல், அப்படி ஒன்று இல்லை என்னும் பொருள்பட 404 என்றே விடை தரும். அப்பொருள் இருக்கிறது என்ற செய்தியைக்கூட அயலாருக்குக் கொடாதிருப்பதே அதன் நோக்கம்.

செருகுநிரல் என்பது ஒரு பெரிய மென்பொருளோடு பொருத்தி அதன் வேலையை விரிவுபடுத்தும் சிறு நிரல். அதனைப் பெரிய மென்பொருளைச் செய்தவரே செய்யலாம். அவரோடு தொடர்பில்லாத வெளியாரும் செய்யலாம். வெளியார் செய்வது இழிவான வழக்கமன்று. நெக்ஸஸ் களஞ்சியத்தின் மூன்றாம் பதிப்புக்கு டெபியன் இயங்குதளத்தின் பொதிகளையும், புள்ளிவிபரவியலார் கையாளும் ஆர் மொழியின் பொதிகளையும் ஏற்கும் ஆற்றல் முதலில் ஆர்வலர் கூட்டம் செய்த செருகுநிரல்களாகவே வந்தது. பின்னரே அவை மூல மென்பொருளோடு சேர்க்கப்பட்டன. பிறர் தொடங்கிய திறந்த மூல மென்பொருளுக்குப் பங்களிப்பதில் இலங்கை மாணவர் பெயர் பெற்றவர். கூகிள் நிறுவனம் 2005ஆம் ஆண்டு தொடங்கிய கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில் மிகுதியான மாணவரை அனுப்பிய பல்கலைக்கழகமாக விளங்கியது மொறட்டுவைப் பல்கலைக்கழகமே.

ஆயினும் வெளியாருக்கு ஒரு குறை உண்டு. களஞ்சியத்தின் உட்புறம் அவருக்குத் தெரியாது; சாளரம் ஒன்றே தெரியும். அச்சாளரத்தைப் பற்றிய விளக்கக் குறிப்பைப் படித்து, அதன்படி அது நடக்கும் என்று நம்பி எழுதுகிறார். குறிப்புக்கும் நடைமுறைக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பரிசோதனை ஒன்றே வெளிப்படுத்தும்.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். நிறுவனமொன்றின் களஞ்சியத்திலே பழைய பொதிகள் பெருகி இடம் நிறைந்து விட்டது. பயன்படாதனவற்றைக் கண்டறிந்து அழிக்கும் செருகுநிரலை வெளியார் ஒருவர் எழுதுகிறார். அதன் வேலை மூன்று படிகளைக் கொண்டது: பொதிகளின் பட்டியலைக் கேட்டல், எவை பழையன என்று தெரிதல், அவற்றை நீக்குமாறு கேட்டல். ஒவ்வொரு படியிலும் ஒரு பொறி மறைந்திருக்கிறது.

பட்டியலை முதலிலே பார்ப்போம். ஆயிரக்கணக்கான பொதிகளின் பெயர்களைக் களஞ்சியம் ஒரே தடவையில் தருவதில்லை. நெக்ஸஸ் போன்றவை ஒரு பக்கத்தைத் தந்து, அதன் கீழே தொடர்ச்சிக் குறி ஒன்றையும் தருகின்றன. அக்குறியைத் திருப்பிக் காட்டினால்தான் அடுத்த பக்கம் கிடைக்கும். எழுதியவர் தம் கணினியில் மூன்று பொதிகளை மாத்திரம் வைத்துச் சோதித்திருந்தால், அவை ஒரே பக்கத்துள் அடங்கிவிடும். தொடர்ச்சிக் குறியை அவர் கண்டே இருக்கமாட்டார். பெரிய களஞ்சியத்திலோ, முதற் பக்கத்தையே முழுப் பட்டியலென்று எண்ணி, மற்றப் பக்கங்களிலுள்ள பொதிகள் எவற்றைச் சார்ந்திருக்கின்றன என்பதை அறியாமலே அந்நிரல் தீர்ப்பு வழங்கிவிடும். பயன்பாட்டிலுள்ள பொதியும் பயனற்றதாகக் கணிக்கப்பட்டு அழிந்துபோகும்.

பழையது எது என்பதும் எளிய வினாவன்று. எழுத்து வரிசையில் ஒப்பிட்டால் 1.10 என்பது 1.9 என்பதற்கு முன்னே நிற்கும். பதிப்பு வரிசையிலோ அதுவே பிந்தியது. எழுத்தாக ஒப்பிடும் நிரல் புதியதை அழித்துப் பழையதைக் காக்கும். காலக் கணக்கிலும் இவ்வாறே. களஞ்சியங்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்திலேயே பதிவு செய்கின்றன. இலங்கை நேரம் அதனினும் ஐந்தரை மணித்தியாலம் முற்பட்டது. பொது நேரப்படி டிசம்பர் 31ஆம் திகதி 18.40க்குப் பதிவான பொதி, இலங்கையில் ஜனவரி முதலாந் திகதி அதிகாலை 0.10க்கு வந்ததாகும். சென்ற ஆண்டின் பொதிகளை நீக்குக என்ற கட்டளைக்கு அது உட்படுமா, உட்படாதா? இதனை முன்னரே தீர்மானித்துச் சோதித்திராவிட்டால், நிரல் இயங்கும் கணினி எந்த நாட்டு நேரத்தைக் காட்டுகிறதோ அதற்கேற்ப விடை மாறும்.

நீக்கும் படியிலே மறுப்புகளைச் சோதித்தல் வேண்டும். அனுமதியில்லாதவர் பெயரிற் கேட்டால் நிரல் என்ன செய்கிறது? பாதி வேலையில் இணைப்பு அறுந்தால், மீண்டும் தொடங்கும்போது முன்னர் நீக்கியதை மறுபடியும் நீக்க முயன்று 404 என்ற விடையைப் பெற்று நின்றுவிடுகிறதா? 429 என்ற விடை வந்தால் பொறுத்திருக்கிறதா, அல்லது இன்னும் விரைவாகக் கேட்டுக் களஞ்சியத்தை இடர்ப்படுத்துகிறதா? வெற்றி பெறும் வழி ஒன்றாயிருக்க, தோல்வியடையும் வழிகள் பல. நல்ல பரிசோதனைத் தொகுதியில் மறுப்புகளைப் பற்றிய சோதனைகளே மிகுந்திருக்கும்.

இத்தகைய சோதனைகளை நடத்துவதற்கு இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது, போலிச் சேவையகம் ஒன்றை வைத்துச் சோதித்தல். இன்ன கேள்விக்கு இன்ன விடை என்று முன்கூட்டியே எழுதி வைத்த சிறு நிரலே போலிச் சேவையகம். அது விரைவானது, செலவற்றது, நினைத்தபோது 429 என்றோ 500 என்றோ விடை தரச் செய்யலாம். அரிதாக நிகழும் தோல்விகளைச் சோதிப்பதற்கு அதனினும் சிறந்த கருவி இல்லை. ஆனால், அதன் விடைகளை எழுதியவர் செருகுநிரலை எழுதியவரே. களஞ்சியத்தைப் பற்றி அவர் கொண்ட தவறான எண்ணம் நிரலிலும் இருக்கும், போலிச் சேவையகத்திலும் இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று நன்கு பொருந்தும்; சோதனை வெற்றி என்றே முடியும். பொரிப்பகத்துத் தொட்டியில் வளர்ந்த குஞ்சை அத்தொட்டி நீரிலேயே விட்டுப் பார்ப்பது போன்றது அது.

இரண்டாவது முறை, உண்மையான களஞ்சிய மென்பொருளையே தனியிடத்தில் நிறுவிச் சோதித்தல். முன்னாளில் இதற்குத் தனிக் கணினியும் பல மணி நேர உழைப்பும் தேவைப்பட்டன. 2013ஆம் ஆண்டில் டொக்கர் என்னும் கொள்கல முறை வெளிவந்த பின்னர் இவ்வேலை எளிதாயிற்று. களஞ்சியம் முழுவதையும் ஒரு கொள்கலத்தில் ஏற்றி, சில நிமிடங்களில் இயக்கி, சோதனை முடிந்ததும் சுவடின்றி நீக்கிவிடலாம். ஒவ்வொரு சோதனைக்கும் வெறுமையான புதிய களஞ்சியம் கிடைப்பதால், முன்னைய சோதனை விட்டுச் சென்ற பொதி பின்னைய சோதனையைக் கெடுப்பதில்லை. பயனாளர் கையாளும் பதிப்புகள் மூன்றாயின் மூன்றையும் அடுத்தடுத்து இயக்கிச் சோதித்தல் வேண்டும்.

அங்ஙனம் சோதிக்கையில் தவறாது செய்யவேண்டியன சில உள. ஒரு பொதியை வைத்து, மீண்டும் எடுத்து, இரண்டும் ஓரெழுத்தும் பிசகாமல் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்ப்புத் தொகையால் ஒப்பிடுதல் முதலாவது. எஸ்எச்ஏ-256 என்னும் முறை எவ்வளவு பெரிய கோப்புக்கும் 64 இலக்கங்கொண்ட அடையாளத்தைத் தரும். கோப்பில் ஓரெழுத்து மாறினாலும் அவ்வடையாளம் முற்றாக மாறிவிடும். தமிழ் எழுத்துக்களிற் பெயரிட்ட கோப்பு வழியிலே சிதையாமல் வருகிறதா என்று பார்த்தல் இரண்டாவது. ஒரே பெயருடைய பொதி உள்ளகக் களஞ்சியத்திலும் வெளிக் களஞ்சியத்திலும் இருந்தால் நிரல் எதனை எடுக்கிறது என்று பார்த்தல் மூன்றாவது.

மூன்றாவதாகக் கூறியது கற்பனையான ஆபத்தன்று. 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் அலெக்ஸ் பிர்சன் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் தம் ஆய்வை வெளியிட்டார். பெரிய நிறுவனங்கள் தம்முள்ளே மாத்திரம் வழங்கிய பொதிப் பெயர்களை அவர் கண்டறிந்து, அதே பெயர்களில் உயர்ந்த பதிப்பு எண்ணோடு பொதுக் களஞ்சியங்களிற் பொதிகளை வைத்தார். உள்ளகப் பொதியை விட்டுவிட்டு, எண் பெரிதாயிருந்த வெளிப் பொதியையே பல கட்டுமானக் கருவிகள் எடுத்துக்கொண்டன. அப்பிள், மைக்ரோசொப்ட் உள்ளிட்ட 35க்கு மேற்பட்ட நிறுவனங்களின் உட்புறத்தை அவருடைய நிரல் இவ்வாறு எட்டியது. அவர் நல்லெண்ணத்தோடு செய்தவராதலால் தீங்கு விளையவில்லை.

இத்தனையும் சோதித்து முடித்த பின்னரும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. சாளரத்தின் விதிகள் காலத்துக்குக் காலம் மாறும். 2020ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி முதல், மறைக்குறியிடாத பழைய இணைப்பின் வழி வரும் வேண்டுகோள்களை மேவன் சென்ரல் ஏற்க மறுத்து, 501 என்ற எண்ணை விடையாகத் தந்தது. வழியிலே பொதியை எவரும் மாற்றிவிடாதிருப்பதற்கான நல்ல மாற்றமே அது, முன்னறிவித்தலும் கொடுக்கப்பட்டது. ஆயினும் பழைய முகவரியைத் தம்முள்ளே எழுதி வைத்திருந்த கட்டுமானங்கள் அன்று நின்றுபோயின. அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில், தாங்கமுடியாத அளவு வேண்டுகோள்கள் குவிந்தமையால், பைபிஐ தன் தேடற் சாளரங்களுள் ஒன்றை மூடியது. அதனை நம்பியிருந்த தேடற் கட்டளை பயனற்றுப் போயிற்று. அந்நிரல்களில் ஓரெழுத்தையும் எவரும் மாற்றவில்லை. நேற்று வரை நன்கு நடந்தவை இன்று நடக்கவில்லை.

ஆகையினால் ஒருமுறை சோதித்தல் போதாது. மெய்யான களஞ்சியத்தோடு நடத்தும் சோதனையை நாடோறுமாயினும் கிழமைக்கு ஒருமுறையாயினும் தானே நடக்குமாறு அமைத்தல் வேண்டும். களஞ்சியத்தார் அடுத்த பதிப்பின் முன்னோட்டத்தை வெளியிடும்போது, அதனோடும் சோதித்துப் பார்த்தால், பயனாளர் முறையிடுவதற்கு முன்னரே பிழை தெரியவரும். போலிச் சேவையகத்தின் விடைகளையும் உண்மைச் சேவையகத்தின் விடைகளோடு அவ்வப்போது ஒப்பிட்டுத் திருத்துதல் நன்று.

இவ்வுழைப்பின் பயனை அடைகின்றவர் பெரும்பாலும் அதனைச் செய்தவரல்லர். ஒரு செருகுநிரல் தவறாக அழித்த பொதியால், அச்செருகுநிரலைப் பற்றி ஒன்றும் அறியாத வேறொருவரின் வேலை நிற்கும். மருத்துவமனைப் பதிவேட்டு நிரலோ, பரீட்சைப் பெறுபேற்று நிரலோ, குறித்த நாளிலே திருத்தப்படாமற் போகும். முந்தல் கரையில் ஒருவர் சோதியாமல் விட்ட குஞ்சு அயலவர் குளத்தைப் பாதிப்பதும் இவ்வாறே. பொது நீரிலிருந்து எடுப்பவருக்கு அந்நீரைப் பயன்படுத்தும் ஏனையோர் மீதும் கடமை உண்டு.

செருகுநிரலைச் செய்பவர் அதனோடு ஒரு சிறு பட்டியலையும் வெளியிடலாம். எந்தக் களஞ்சியத்தின் எந்தப் பதிப்புகளோடு சோதிக்கப்பட்டது, கடைசியாகச் சோதித்த திகதி யாது, சோதிக்காமல் விட்டவை எவை என்பன அதில் இருத்தல் வேண்டும். அதனைப் பொருத்த விரும்பும் நிறுவனத்தார் அப்பட்டியலைக் கேட்டு வாங்குதல் வேண்டும். கிடைத்தாலும், தம் களஞ்சியத்தின் பிரதியொன்றில் முதலிற் பொருத்திப் பார்த்து, எதனை அழிக்கப் போகிறது என்பதை எழுத்திற் பெற்றுப் படித்த பின்னரே உண்மைக் களஞ்சியத்தின் திறவுகோலை அதற்குக் கொடுத்தல் வேண்டும். அத்திறவுகோலும் அதன் வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். பட்டியலைப் படிக்கும் நிரலுக்கு அழிக்கும் உரிமை தேவையில்லை.